உதிரிபாகம் கிடைக்கலையா? கள்ளக்குறிச்சிக்கு வாங்க!

பழைய ஏர் கன்னைப் பழுதுபார்ப்பதில் இருக்கிற சுகம் வேறு எந்த வேலையிலும் கிடையாது. சத்தியம் செய்தே சொல்வேன். புதுத் துப்பாக்கி வாங்குவது யாராலும் ஆகிற காரியம். கடையில் பணத்தைக் கட்டினால் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அறுபது வருடப் பழசு, செய்த கம்பெனியே அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது, திருகாணி ஒன்றுகூட எங்கும் கிடைக்காது என்கிற நிலையில் இருக்கிற துப்பாக்கியை, கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பாகமாகத் தேற்றி மறுபடியும் சுட வைப்பது இருக்கிறதே, அடடா! அந்த முதல் 'டப்' சத்தத்துக்கு எதைக் கொடுத்தாலும் தகும்.

நான் சொல்வது திருவிழாக் கடைத்தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிற பலூன் துப்பாக்கி. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா, ஆடியில் ஊர் ஊராக அம்மன் திருவிழா, கல்வராயன் மலையில் கோடை விழா என்று வருடம் முழுக்கக் கடை போடுகிற அண்ணன் ஒருவரிடம் அது இருந்தது. மற்ற துப்பாக்கிகளெல்லாம் நம் நாட்டுத் தயாரிப்பு. இது மட்டும் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. "அது ஆவாது சார். ஸ்பிரிங் போச்சு, கட்டை ஒடஞ்சி போச்சு. எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். கையில் எடுத்துத் துணியால் துடைத்துப் பார்த்தேன். உருளைமேல் ஒரு பெண் உருவம். வில்லையும் அம்பையும் வீசி எறிந்துவிட்டு, துப்பாக்கியை உயரத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். டயானா! டயானா 27! எனக்குக் கை நடுங்கியது.

ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம் டயானா. ஜெர்மனியில், கருங்காட்டுப் பகுதியை ஒட்டிய ராஸ்டாட் என்கிற ஊரில் 1890ல் தொடங்கிய மேயர் அண்ட் கிராமல்ஸ்பாகர் கம்பெனி அவள் பெயரையே தன் துப்பாக்கிகளுக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், கம்பெனியின் இயந்திரங்களும் டயானா என்கிற பெயருமே போர் ஈடாக ஸ்காட்லாந்தில் இருந்த மில்ப்ரோ கம்பெனிக்குப் போய்விட்டன. ஜெர்மன்காரர்கள் 1950 வாக்கில் மறுபடியும் செய்யத் தொடங்கியபோது, சொந்தப் பெயரையே பிரிட்டனில் பயன்படுத்த முடியாமல் 'ஒரிஜினல்' என்று முத்திரை குத்தி அங்கே விற்றார்கள். ஆகவே டயானா என்ற பெயரில் ஜெர்மன் துப்பாக்கியும் உண்டு, ஸ்காட்லாந்துத் துப்பாக்கியும் உண்டு. ஒன்றின் பாகம் மற்றதில் சேரும் என்று நம்பி வாங்க முடியாது. 27 என்கிற அந்த மாடலே 1980களோடு நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமென்றால், 'துப்பாக்கி பாகம்' என்று எழுதிய பெட்டி வழியில் எங்கே எத்தனை மாதம் கிடக்கும் என்று யாரும் உறுதி சொல்லமாட்டார்கள். மிஞ்சியது ஒரே வழி. செய்துகொள்ள வேண்டியதுதான்.

நல்லவேளை, இதன் உள்ளமைப்பு அவ்வளவு அழகான எளிமை! குழாயைக் கீழே மடக்கினால் உள்ளே இருக்கிற பிஸ்டன் பின்னால் போகும், அதன் முதுகில் இருக்கிற ஸ்பிரிங் அமுங்கும். விசையைச் சுண்டினால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். அங்கே இருக்கிற காற்று நசுங்கி, ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பாய்ந்து ரவையைத் தள்ளிக்கொண்டு போகும். வெடிமருந்து இல்லை, நெருப்பு இல்லை, வெறும் காற்று. அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டைப் பார்த்தால் நீங்களே கைதட்டுவீர்கள். மூன்றே மூன்று பால்ஸ்! ஒரு வளையத்துக்குள் உட்கார்ந்த அந்த மூன்று எஃகு உருண்டைகள் பிஸ்டன் தண்டில் வெட்டிய பள்ளத்தில் இறங்கிப் பூட்டிக்கொள்கின்றன. விசையை இழுத்தால் சுற்றியிருக்கிற உறை நகரும், உருண்டைகள் வெளியே ஒதுங்கும், பிஸ்டன் விடுபடும். அத்தனை பெரிய ஸ்பிரிங்கின் பலத்தை மூன்று உருண்டைகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால் விசை வெண்ணெயாக வழுக்குகிறது. இதை யோசித்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

பிரிக்கும்போது மட்டும் விளையாட்டு ஆகாது. ஓய்வாக இருக்கும்போதும் ஸ்பிரிங் ஓரளவு அமுங்கித்தான் இருக்கும். நீளமான கிளாம்ப்பில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததும் உள்ளே இருந்த நிலவரம் தெரிந்தது. ஸ்பிரிங் இரண்டு துண்டு. பிஸ்டன் முகத்திலிருந்த தோல் வாஷர் அப்பளமாக நொறுங்கியது. மூன்று உருண்டைகளில் ஒன்று துரு. மரக்கட்டை கழுத்தில் விரிசல்.

இங்கேதான் கள்ளக்குறிச்சியின் அருமை ஆரம்பமாகிறது. நெல் ஆலை, சேகோ ஆலை, கரும்பு ஆலை, போர்வெல், டிராக்டர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இயந்திரம் ஓடுகிற மண் இது. அறுவடை நேரத்தில் ஒரு பாகம் உடைந்தால், கோயம்புத்தூரிலிருந்து வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பட்டறையில் செய்து மாட்டி அன்று மாலையே ஓட்டிவிடுவார்கள். அந்தக் கைகள் இருக்கிற ஊரில் டயானாவுக்கு என்ன குறை?

முதலில் வாஷர். இதற்கு நான் தேடிப்போனது கை பம்பு மெக்கானிக்கை. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான இந்தியா மார்க் 2 கை பம்பு நம் ஊர்த் தெருக்களில் நிற்கிறதே, அதன் உருளைக்குள்ளும் ஆரம்பத்தில் தோல் கிண்ண வாஷர்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பிலும் அதே. அழுத்தம் ஏற ஏற கிண்ணத்தின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோ காற்றோ பின்பக்கம் கசியாது. துப்பாக்கியிலும் அதேதான், அளவுதான் சின்னது. மெக்கானிக் வாஷரின் மிச்சத்தைப் பார்த்ததும் சொன்னார், "இதுக்குப் பட்டைத் தோலு வேணும் சார். செருப்பு மேல்தோலு வெச்சா நிக்காது."

எவ்வளவு பெரிய உண்மை! குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், வடிவம் பிடிக்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்திக் காயவைத்தால், அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். இந்தக் கலையில் நம் ஆட்கள் உலகத்துக்கே ஆசான்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் ஏறிய தோலுக்கு 'கிழக்கிந்தியத் தோல்' என்று சீமையிலே தனி மதிப்பு இருந்தது. செருப்பு தைக்கிற பெரியவர் ஒருவர் அடித்தோலுக்கென்று வைத்திருந்த பட்டைத் தோலிலிருந்து ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தார். லேத் பட்டறைத் தம்பி கடைந்து கொடுத்த அச்சில் அதை ஈரத்தோடு அழுத்தி, நிழலில் காயவிட்டு, விளிம்பைச் சீவினோம். பிஸ்டனில் பொருத்தி உருளைக்குள் தள்ளினேன். என்ன ஒரு இறுக்கம்! துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு தள்ளினால் பிஸ்டன் எதிர்த்துத் திரும்பி வருகிறது. ஜெர்மன்காரன் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பான்.

தோலுக்கு எண்ணெய் வேண்டும். கடைக்கார அண்ணன் இத்தனை காலமும் தேங்காய் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தார். கீழே கள்ளக்குறிச்சி வெயிலில் ஒரு குறையும் தெரியாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. அந்த உயரத்துக் காலைக் குளிரில் எண்ணெய் இறுகிவிடும். "மலைமேல காலைல கடைய தொறந்தா துப்பாக்கி சோம்பேறியா கெடக்கும் சார், வெயில் ஏறினாத்தான் சுடும்" என்று அவர் வருடக்கணக்கில் புலம்பியதற்குக் காரணம் இதுதான்! நான் விளக்கெண்ணெய்க்கு மாற்றினேன். அது உறையாது, காற்றுப்பட்டுப் பிசினாகவும் ஆகாது. தோலை ஊறவைத்துத் துடைத்துவிட்டால் போதும். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் தேங்கவே கூடாது. காற்று சட்டென்று நசுங்கும்போது உண்டாகிற சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் ஓடுவதும் இதே விதியில்தான். புகையும் வெடிச்சத்தமும் கேட்க ஜோராக இருக்கும், ஆனால் ஸ்பிரிங்கை முறிப்பது அதுதான்.

ஸ்பிரிங்! இந்தக் கதையின் நாயகன். உடைந்த இரண்டு துண்டையும் ஒட்டவைத்து, கம்பியின் கனம், வெளி அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் அளந்துகொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். ஸ்பிரிங் கம்பியை ஒரு தண்டில் மாட்டி, லேத்தை மிக மெதுவாகச் சுழலவிட்டுச் சுற்ற வேண்டும். தண்டு எந்தக் கனத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. சுற்றி முடித்துப் பிடியை விட்டதும் கம்பி திமிறி விரியும். ஆகவே நமக்கு வேண்டிய உள் அகலத்தைவிடத் தண்டு சிறுத்திருக்க வேண்டும். எவ்வளவு சிறுக்க வேண்டும்? தம்பி எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. கம்பியை விரலால் வளைத்துப் பார்த்தார், ஒரு தண்டை எடுத்துக் கடைந்தார், சுற்றினார். விட்டதும் விரிந்து நின்ற ஸ்பிரிங்கைப் பிஸ்டனுக்குள் இறக்கினால், உரசாமல் ஆடாமல் வந்து உட்கார்ந்தது! இரண்டு முனையையும் பழுக்கக் காய்ச்சி மடக்கி, சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துக் கொடுத்தார். பிறகு வைஸில் முழுக்க அமுக்கி ஒரு இரவு விட்டோம். நீளம் கொஞ்சம் குறைந்தது. குறைய வேண்டியது அங்கேயே குறைந்துவிட்டால் பிறகு நின்ற நிலையில் நிற்கும். அன்று அந்தப் பட்டறையில் டீ குடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பால்ஸ் தேடிப் பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு "பி.எஸ்.ஏ.வா?" என்று கேட்டார். இல்லை என்றேன், ஆனால் கேள்வி நியாயமானது. பர்மிங்காமில் 1861ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. முதலில் துப்பாக்கிக் கம்பெனிதான். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் முத்திரை. அந்தப் பெயரில் அம்பத்தூரில் செய்த சைக்கிளில்தான் நம்மில் பாதிப் பேர் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். டப்பா டப்பாவாகக் கொட்டி, வெர்னியரால் அளந்து அளந்து, ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசமில்லாத மூன்று உருண்டைகளைப் பொறுக்கினோம். மூன்றும் ஒரே அளவில் இல்லாவிட்டால் பாரம் ஒன்றின்மேல் விழும், பூட்டு நம்பிக்கையாகப் பிடிக்காது. பணம் கொடுக்கப் போனால் "போ சார், மூணு பால்ஸுக்கு இன்னா காசு" என்று கையைத் தட்டிவிட்டார்.

கடைசியாக மரம். இதற்குக் கள்ளக்குறிச்சியை விட்டு வெளியே பார்க்கிறவன் புத்திசாலி இல்லை. இந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் செய்கிற ஆசாரி ஒருவரிடம் கட்டையைக் கொடுத்தேன். அவர் விரிசலை ஒட்டி மட்டும் அனுப்பவில்லை. மரத்தின் ரேகை ஓடுகிற போக்கைப் பார்த்து, அதே போக்கில் உள்ளே ஒரு ஆப்பு இறக்கி, மேலே சீவி இழைத்து, எங்கே ஒட்டியது என்று நானே தேடும்படி செய்துவிட்டார். உருளைமேல் இருந்த டயானாவை உற்றுப் பார்த்தவர், "மொகம் நல்லா வந்திருக்கு. கைதான் கொஞ்சம் குட்டை" என்று ராஸ்டாட் சிற்பிக்கு மதிப்பெண் போட்டார்!

எல்லாம் பூட்டியாயிற்று. மூட்டு வாயில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். காற்று கசிந்தால் காகிதம் படபடக்கும். அசையவே இல்லை. மணல் மூட்டைக்கு முன்னால் அட்டையை நிறுத்தி, ரவை போட்டுச் சுட்டேன். 'டப்!' அட்டையில் சுத்தமான வட்ட ஓட்டை. அடுத்தது அதன் பக்கத்திலேயே. அதற்கடுத்தது இரண்டையும் தொட்டுக்கொண்டு. குழாய்க்குள் வெட்டிய பன்னிரண்டு முறுக்குப் பள்ளங்கள் இத்தனை காலத் துருவுக்குப் பிறகும் தங்கள் வேலையை மறக்கவில்லை. கடைக்கார அண்ணன் வாங்கி ஒரு முறை சுட்டுவிட்டு, என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "இத எடைக்குப் போட இருந்தேனே சார்!"

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் கோடை விழாவுக்கு அதைக் கொண்டுபோனபோது நானும் கூடவே போனேன். குளிர்ந்த காலையில், விளக்கெண்ணெய் புண்ணியத்தில், முதல் ரவையே பலூனைக் கிழித்தது. திருவிழாத் துப்பாக்கி என்றாலே குழாய் முனையிலுள்ள குறிமுள் வளைந்திருக்கும் என்று சந்தேகப்படுகிற ஆட்களும் சுட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். அந்த வரிசையைப் பார்க்கும்போது இளவேனில் வாலறிவன் நினைவுக்கு வந்தார். பக்கத்துக் கடலூரில் பிறந்து, 2019ல் ரியோ டி ஜெனிரோவில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான்! அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும் இதே 4.5 மில்லிமீட்டர் ரவை விளையாட்டில்தான்.

இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறேனே என்று வேறு துப்பாக்கிகளில் யாரும் கை வைத்துவிடாதீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூல் சக்தியைத் தாண்டாத ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. டயானா 27 அதில் பாதி அளவில் நிற்கிற சாது. கூடுதல் பலத்துக்கு ஆசைப்பட்டு முரட்டு ஸ்பிரிங் போட்டால் துப்பாக்கியும் கெடும், சட்டமும் பிடிக்கும். மலையில் கள்ளத்தனமாகப் புழங்குகிற நாட்டுத் துப்பாக்கி முற்றிலும் வேறு விஷயம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அதைப் பழுதுபார்ப்பதே குற்றம், தண்டனை ஆயுள் வரை போகும். அப்படி ஏதாவது வீட்டில் கிடந்தால் போலீஸில் ஒப்படைப்பதுதான் வழி. ஏர் கன்னாலும் குருவி, புறா, அணில் எதையும் சுடாதீர்கள். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் மனசாட்சி இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 2021ல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் பறவைகளைக் காப்பாற்றத் தங்கள் ஏர் கன்களையே அரசிடம் கொடுத்திருக்கிறார்கள். நமக்குப் பலூனும் அட்டையும் போதும்.

என் தீர்ப்பு இதுதான்: உதிரிபாகம் கிடைக்காத பொருள் என்று ஒன்று கிடையாது, கேட்க வேண்டிய ஆளை இன்னும் நாம் கேட்கவில்லை, அவ்வளவே. ஜெர்மன் துப்பாக்கிக்குக் கை பம்பு மெக்கானிக்கிடமும், செருப்பு தைப்பவரிடமும், சைக்கிள் கடையிலும், சாமி சிலை செய்கிறவரிடமும் வைத்தியம் இருந்தது. உங்கள் பரணிலும் பழைய ஏர் கன்னோ, தையல் மிஷினோ, பெட்ரோமாக்ஸ் விளக்கோ தூசி படிந்து கிடக்கும். காயலான் கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் இவை இருக்கும்.